செயின்ட் மேத்யூ தீவு: 29 பனிமான் 6,000 ஆகி, 42-க்கு விழுந்தது எப்படி?

செங்கதிர்
வணக்கம் நண்பர்களே. தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. விலங்கியலில் இனத்தொகை வளர்ச்சிப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கப் போய் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பாடத்தில் இரண்டு வளைகோடுகள். தடையே இல்லாமல் ஏறிக்கொண்டே போவது ஜே வடிவம். இடமும் உணவும் குறையக் குறைய வேகம் தணிந்து, தாங்குதிறன் என்ற மட்டத்தில் போய் நிற்பது எஸ் வடிவம். இயற்கையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் என்று நான் படித்த காலத்திலும் சொன்னார்கள்.

ஆனால் பேரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்று ஆளில்லாத தீவு ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே ஒரு ரேடியோ வழிகாட்டி நிலையம் வைத்திருந்தது. சாப்பாட்டுக் கப்பல் வராமல் போனால் உதவட்டும் என்று 1944 ஆகஸ்டில் ரெயின்டீர் எனப்படும் பனிமான்கள் 29-ஐ இறக்கினார்கள். பெண் 24, ஆண் 5. போர் முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. டேவிட் க்ளைன் என்ற உயிரியலாளர் 1957-இல் போய் எண்ணியபோது 1,350. 1963-இல் 6,000. 1966-இல் 42.

இதில் எஸ் எங்கே இருக்கிறது? 3,000, 4,000 என்று ஏறும்போதே வேகம் குறைந்திருக்க வேண்டாமா?

குறும்பன்77
ஓநாய் இல்லை. அதனால் பெருகியது, பெருகியதால் செத்தது. அமெரிக்காவிலேயே கைபாப் பீடபூமியில் இதே கதைதான். பூமா, ஓநாய் எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளினார்கள். 4,000 மான் ஒரு லட்சம் ஆகி, பிறகு பட்டினியில் கூட்டம் கூட்டமாகச் செத்தது. வேட்டை விலங்கு இருந்தால் சமநிலை, இல்லையென்றால் அழிவு. இழையை மூடிவிடலாம் :)

வரையாடு
குறும்பன் தம்பி, இவ்வளவு சீக்கிரம் மூட வேண்டாம். கைபாப் கதையை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1970-இல் கிரேம் காக்லி என்ற சூழலியலாளர் அந்தக் கணக்கைத் தோண்டிப் பார்த்தார். 1924-க்கு ஆளாளுக்குச் சொன்ன எண்ணிக்கை 30,000-இலிருந்து ஒரு லட்சம் வரை இருந்தது. பாடப்புத்தகங்கள் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டன. அதே காலத்தில் அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுமாடுகளையும் பெருமளவு குறைத்திருந்தார்கள். அப்படியானால் மான் பெருகியது பூமா போனதாலா, ஆடு போனதாலா? பிரித்துச் சொல்ல முடியாது. 2006-இல் அங்குள்ள ஆஸ்பென் மரங்களின் வயதை ஆராய்ந்தவர்கள் அந்த ஆண்டுகளில் இளங்கன்றுகள் எழவே இல்லை என்று கண்டார்கள். ஆக இளங்கன்றுகளைத் தின்றுதீர்க்கும் அளவுக்கு மான்கள் மிதமிஞ்சிப் பெருகியது நிஜம்தான். காரணம்தான் ஒன்றில் முடிவதில்லை.

செயின்ட் மேத்யூ அந்த வகையில் சுத்தமான வழக்கு. தொடக்க எண்ணிக்கை தெரியும், உள்ளே வந்தது வெளியே போனது எதுவும் இல்லை, போட்டிக்கு வேறு மேய்ச்சல் பிராணியும் இல்லை. இருந்ததெல்லாம் ஆர்க்டிக் நரியும் ஒருவகைப் புல்லெலியும் பறவைகளும்.

செங்கதிர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 1963 வரை எல்லாம் நன்றாகப் போவதுபோல்தான் தெரியும். க்ளைன் எடையையும் போட்டுப் பார்த்திருந்தார், அங்கேதான் விஷயம். 1957-இல் அந்த மான்கள் மற்ற இடங்களின் வளர்ப்புப் பனிமான்களைவிடக் கனமாக, கொழுத்து இருந்தன. 1963-இல் வளர்ந்த பெண் மான்களின் சராசரி எடை 38 சதவீதம் குறைந்திருந்தது, ஆண்களில் 43 சதவீதம். 100 பெண்ணுக்கு 75 குட்டி என்பது 60 ஆகியிருந்தது. ஒரு வயதைத் தொட்ட குட்டிகள் 100 பெண்ணுக்கு 45-ஆக இருந்தவை 26-க்கு வந்திருந்தன. அதாவது பிறப்பு கொஞ்சம்தான் குறைந்தது, முதல் குளிர்காலத்தைத் தாண்டிய குட்டிகளின் எண்ணிக்கை பாதிக்கு அருகில் குறைந்துவிட்டது, இருப்பவை இளைத்துக்கொண்டே வந்தன. தலைகளை மட்டும் எண்ணினால் இதெல்லாம் கண்ணில் படாது.

கணக்குப்பிள்ளை
சும்மா கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன்.

1944–57: 29-இலிருந்து 1,350. ஆண்டுக்குச் சராசரி 34 சதவீத வளர்ச்சி.
1957–63: 1,350-இலிருந்து 6,000. ஆண்டுக்கு 28 சதவீதம்.

எஸ் கோட்டின் விதிப்படி, உச்ச மட்டத்தில் பாதியைத் தொடும்போதே தலைக்கான வளர்வேகம் ஆரம்பத்தில் இருந்ததில் பாதியாகிவிட வேண்டும். இங்கே 34 என்பது 28 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். தீவின் பரப்பு சுமார் 330 சதுர கிலோமீட்டர் என்றால் 1963-இல் சதுர கிலோமீட்டருக்கு 18 மான். இதே வேகத்தில் இன்னும் மூன்று வருடம் ஓடியிருந்தால் 12,000-ஐத் தாண்டியிருக்கும். பிரேக் பிடித்ததற்கான அடையாளமே இல்லையே?

செங்கதிர்
அதைத்தான் நானும் கேட்கிறேன். பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

வரையாடு
எஸ் கோடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பதில் அதிலேயே இருக்கிறது. சமன்பாட்டை 1838-இல் எழுதியவர் பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட். அதைச் சோதனைச் சாலையில் அழகாகக் காட்டியவர் மாஸ்கோவின் காஸ், 1930-களில். கண்ணாடிக் குழாயில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரி. குறிப்பிட்ட அளவு பாக்டீரியா உணவை வெளியிலிருந்து திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தார். பாரமீசியங்கள் எவ்வளவு தின்றாலும் அடுத்த வேளை உணவு அதே அளவில் வந்து விழும். மட்டம் அசையாமல் நின்றது காஸின் கை அசையாமல் போட்டதால்.

செயின்ட் மேத்யூவில் குளிர்கால உணவு, தரையில் பாசிபோலப் படரும் லைக்கன். மான்கள் வருமுன் சில இடங்களில் நாலு அங்குல கனத்துக்கு மெத்தையாக விரிந்து கிடந்தது. லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அந்த மெத்தை ஒரு வருட விளைச்சல் கிடையாது, பல பத்தாண்டுகள் சேர்ந்தது. வட்டியைத் தொடாமல் முதலையே எடுத்துச் செலவழிக்கிறவனுக்குக் கையில் காசு புரளத்தான் செய்யும். 1957-இல் மான்கள் கொழுத்திருந்தது அப்படித்தான். தின்னத் தின்ன அந்த உணவு மறுபடி முளைக்கும் திறனும் போய்க்கொண்டே இருந்தது. தாங்குதிறன் என்று ஒரு எண்ணைப் புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டுகிறார்களே, அந்தக் கோடு இந்தத் தீவில் ஆண்டுதோறும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை அதைக் கடந்து மேலே போனது எந்த வருடம் என்றுகூடச் சொல்வது கடினம், ஆனால் 6,000-க்கு வெகு முன்பே என்பது என் கணிப்பு.

இன்னொன்று, தாமதம். வெர்ஹுல்ஸ்ட் சமன்பாட்டில் இன்று கூட்டம் அதிகமானால் இன்றே பிறப்பு குறையும். நிஜத்தில் சினை பிடிப்பது இலையுதிர் காலத்தில், குட்டி போடுவது வசந்தத்தில், அந்தக் குட்டி தானும் குட்டி போடும் நிலைக்கு வர மேலும் ஓரிரு வருடம். பஞ்சம் தெரிய ஆரம்பித்த பிறகும், நல்ல காலத்தில் பிறந்த குட்டிகள் வளர்ந்து குட்டி போட்டுக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் நிக்கல்சன் என்பவர் 1950-களில் இறைச்சியில் முட்டையிடும் ஒருவகை ஈக்களை (ப்ளோஃப்ளை) வைத்துச் செய்த சோதனையில், வளர்ந்த ஈக்களுக்கு மட்டும் ஈரல் உணவை அளந்து கொடுத்தார். எண்ணிக்கை எந்த மட்டத்திலும் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கில் ஏறும், கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் விழும், மறுபடி ஏறும். இன்றைய பட்டினியின் விளைவு அடுத்த தலைமுறை ஈ வெளிவரும்போதுதான் தெரிகிறது என்பதால்தான் அந்த ஆட்டம்.

பருவக்காற்று
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். 1963–64 குளிர்காலம். பேரிங் கடல் பகுதியில் அந்த வருடம் பனியும் குளிரும் வழக்கத்தைவிடக் கடுமை. க்ளைன் 1966-இல் பார்த்த எலும்புக்கூடுகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இறந்தவை என்று அவரே சொல்கிறார். மெதுவாகப் பட்டினி கிடந்து செத்திருந்தால் ஐந்தாறு வருடங்களுக்குச் சிதறியிருக்க வேண்டும். ஒரே குளிர்காலத்தில் அத்தனையும் போனதென்றால் கொன்றது வானிலை.

2005-இல் ஃபிராங்க் மில்லரும் உடனிருந்தவர்களும் இதே தரவை மறுபடி எடுத்துப் பார்த்து இதைத்தான் வாதிட்டார்கள். அழிவு தவிர்க்க முடியாத கட்டத்தில் அந்தக் கூட்டம் இல்லை, உணவு இருந்தும் எட்டாமல் போனதே காரணம் என்று. ஆழ்ந்த பனிக்கும் உறைந்த பனிக்கட்டிக்கும் அடியில் தீனி இருந்தால் மான் என்ன செய்யும்? அலாஸ்காவிலும் கனடாவின் வட தீவுகளிலும் காட்டுப் பனிமான்கள் குறைந்த அடர்த்தியில் இருந்தும் மோசமான குளிர்காலத்தில் செத்திருக்கின்றன. லைக்கன் மேல் எல்லாப் பழியையும் போடாதீர்கள்.

வரையாடு
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இந்தச் சண்டைக்கு வயது எழுபதுக்கு மேல். மேலே சொன்ன நிக்கல்சன் ஒரு பக்கம்: எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது அடர்த்தியே, கூட்டம் கூடக்கூட அழுத்தம் கூடும் என்றார். அதே ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூவார்த்தாவும் பர்ச்சும் எதிர்ப் பக்கம்: போட்டி முற்றும் முன்பே வானிலை வந்து அடித்துவிடுகிறது என்றார்கள். டேவிட்சனும் ஆண்ட்ரூவார்த்தாவும் அடிலெய்டில் ரோஜாப் பூக்களில் இலைப்பேனைப் பல ஆண்டுகள் நாள்தோறும் எண்ணி, உச்ச எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தில் 78 சதவீதத்தை வானிலையை வைத்தே விளக்கிவிடலாம் என்று காட்டினார்கள். 1961-இல் ஃபிரெடெரிக் ஸ்மித் அதே எண்களை எடுத்து, இதற்குள்ளேயே அடர்த்தியின் கை இருக்கிறது பாருங்கள் என்று காட்டினார். ஒரே தரவு, இரண்டு தீர்ப்பு.

என்னைக் கேட்டால் "உணவா, குளிரா" என்ற கேள்வியிலேயே கோளாறு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டாவில் ஹிர்டா தீவு இருக்கிறது. 1930-இல் மக்கள் வெளியேறினார்கள், 1932-இல் பக்கத்துச் சோயே தீவிலிருந்து 107 ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 1985-இலிருந்து தீவின் ஒரு பகுதியில் ஒவ்வொரு ஆட்டையும் காதில் அடையாளம் போட்டுத் தொடர்ந்து வருகிறார்கள். அங்கே எண்ணிக்கை சுமார் 600-க்கும் 2,000-க்கும் இடையில் ஏறுவதும், சில வருடங்களில் ஒரே குளிர்காலத்தில் பாதிக்கு மேல் சாவதுமாக இருக்கிறது. கடுங்குளிர்காலம் வந்த எல்லா வருடமும் அழிவு நடக்கவில்லை. ஆடுகள் குறைவாக இருக்கும்போது வந்த மோசமான குளிரை அவை தாங்கிவிட்டன. நிறைய இருக்கும்போது வந்த அதே மாதிரிக் குளிரில் மடிந்தன. 2001-இல் டிம் கோல்சன் குழு இன்னும் ஒருபடி மேலே போய்க் காட்டியது: மொத்த எண்ணிக்கை, வானிலை இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும் கூட்டத்தில் குட்டிகள், கிடாக்கள், கிழடுகள் எத்தனை என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

இப்போது செயின்ட் மேத்யூவுக்குத் திரும்புங்கள். செத்த மான்களின் எலும்பு மஜ்ஜையில் கொழுப்பே இல்லை. உடல் கடைசிக் கொழுப்பாக மஜ்ஜையைத்தான் கரைக்கும். 1957-இன் கொழுத்த மான்கள் 1963–64 குளிரைச் சந்தித்திருந்தால் நிறைய செத்திருக்கும், ஆனால் 6,000-இல் 42 என்ற கணக்கில் முடிந்திருக்காது. மில்லர் குழு சொல்வதில் உணவு எட்டாமல் போனது என்ற பகுதியை ஏற்கிறேன். தின்பதற்கு லைக்கன் மெத்தை இருந்திருந்தால் காற்றடித்துப் பனி விலகிய மேடுகளில் கொஞ்சமாவது கிடைத்திருக்கும். அந்த மேடுகளைத்தான் முதலில் மொட்டையடித்துவிட்டன.

பருவக்காற்று
"நிறைய செத்திருக்கும், ஆனால்" என்கிறீர்களே, அந்த "ஆனால்" உங்கள் ஊகம்தானே. ஒரே ஒரு தீவு, ஒரே ஒரு குளிர்காலம். மறுசோதனை கிடையாது.

தொண்டிக்காரன்
மறுசோதனை இருக்கிறது சார். ஏறக்குறைய. பிரிபிலாஃப் தீவுகள், அதே பேரிங் கடல். 1911-இல் செயின்ட் பால் தீவில் 25 பனிமான், செயின்ட் ஜார்ஜ் தீவில் 15 பனிமான் விட்டார்கள். செயின்ட் பாலில் 1938-இல் 2,000-ஐத் தாண்டி, 1950-இல் 8-க்கு வந்தது. செயின்ட் ஜார்ஜில் 1922-இல் 222 வரை போய், பிறகு 40, 60 என்று நீண்டகாலம் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரே வருடம், ஒரே கடல், ஒரே விலங்கு. விக்டர் ஷெஃபர் 1951-இல் எழுதியது.

செயின்ட் பாலில் விழுந்தது ஒரே குளிர்காலத்தில் இல்லை, 12 வருடத்தில். அங்கே ஆள் இருந்தார்கள், வேட்டையும் நடந்தது. இதில் பருவக்காற்று சாருக்கும் தீனி உண்டு, வரையாடு அக்காவுக்கும் உண்டு :)

பருவக்காற்று
செயின்ட் ஜார்ஜ் எனக்குப் பிடித்திருக்கிறது. உச்சத்துக்குப் போய் விழுந்தாலும் உடனே அழிந்துவிடவில்லை. சின்னத் தீவு, சீக்கிரமே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வரையாடு
எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு தீவிலும் மேய்ச்சல் நிலத்தின் தரம் ஒன்றா என்பது தெரியாமல் அதற்கு மேல் இழுக்க மாட்டேன்.

குறும்பன்77
எல்லாரும் ஓநாயை மறந்துவிட்டீர்கள். ஓநாய் இருந்திருந்தால் இந்த எடை, மஜ்ஜை, லைக்கன் விவகாரம் எதுவுமே வந்திருக்காது. தமிழில் சொன்னால் புலி இருக்கிற காட்டில்தான் புல் இருக்கும்.

வரையாடு
ஓநாயும் தீவும் சேர்ந்த இடம் ஒன்று இருக்கிறது. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் மான்கள் வந்து சேர்ந்தன. 1940-களின் கடைசியில் ஏரி உறைந்தபோது ஓநாய்கள் பனிமேல் நடந்து வந்தன. 1958-இலிருந்து இன்றுவரை ஆய்வு நடக்கிறது. வேட்டை விலங்கு, இரை இரண்டையும் ஒன்றாக இவ்வளவு நீளமாகக் கவனித்த ஆய்வு வேறு இல்லை என்பார்கள்.

ஓநாயும் மூஸும் ஒன்றையொன்று அழகாகச் சமன்படுத்தும் என்று ஆரம்பத்தில் நம்பினார்கள். நடந்தது வேறு. 1980-இல் ஓநாய்கள் 50. நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் எப்படியோ தீவுக்குள் வந்து, இரண்டே வருடத்தில் 14 ஆயின. மூஸ் பெருகிப் பெருகி 1995-இல் 2,400 ஆனது. 1996-இல் கடுங்குளிர், தாமதமான வசந்தம், உண்ணித் தொல்லை, ஏற்கெனவே மொட்டையான ஃபர் என்ற ஊசியிலை மரங்கள் எல்லாம் சேர்ந்து 500-க்கு விழுந்தது. பிறகு ஓநாய்களுக்குள் உறவுக்கலப்பு. 1997-இல் கனடாவிலிருந்து ஒரே ஒரு ஆண் ஓநாய் பனியில் நடந்துவந்து கொஞ்ச காலம் புது ரத்தம் கொடுத்தது. அந்த ஒன்றின் சந்ததியே நிறைந்து மறுபடி அதே சிக்கல். கடைசியில் இரண்டே ஓநாய் மிஞ்ச, 2018–19-இல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப்பின் மூஸ் 2,000-இலிருந்து ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது.

ஆகவே ஓநாய்க்கு வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஓநாயின் எண்ணிக்கையையே வைரஸும் மரபணுவும் குளிர்காலப் பனிப்பாலமும் முடிவு செய்தன. தவிர ஓநாய் அடிப்பவை பெரும்பாலும் குட்டியும் மூட்டுவாதம் வந்த கிழட்டு மூஸும். குட்டி போடும் வயதில் திடமாக நிற்கும் பெண் மூஸை அவ்வளவு சுலபமாக நெருங்காது. குளிர்காலத்தில் எப்படியும் சாகப்போகிறதைத்தான் ஓநாய் தின்றது என்றால் மொத்தக் கணக்கில் பெரிய மாற்றம் வராது.

குறும்பன்77
2,000 ஆயிரத்துக்குக் கீழே வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டு மாற்றம் வராது என்கிறீர்கள். எனக்கு அது போதும் :)

நெடுந்தீவான்
வணக்கம். நான் யாழ்ப்பாணம் பக்கம். இந்த இழையை வாசிக்கையில் எங்கட நெடுந்தீவுக் குதிரைகள்தான் நினைவுக்கு வந்தன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லுவினம். தீவில் அவற்றைப் பிடித்துத் தின்ன ஒரு மிருகமும் இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் இவ்வளவு நூற்றாண்டில் தீவு முழுக்கக் குதிரையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. புல் முடிவதற்கு முதல் தண்ணி முடிகிறது. மாரியில் குளங்களும் பள்ளங்களும் நிறைந்து கிடக்கும், ஆவணி புரட்டாதியில் வெடித்துக் கிடக்கும். வரட்சி கடுமையான வருடங்களில் தண்ணியில்லாமல் குதிரைகள் செத்து விழுவது செய்தியில் வரும். வரையாடு அக்கா, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அடர்த்தியா, வானிலையா?

வரையாடு
அருமையான கேள்வி நெடுந்தீவான். குதிரைகள் தின்பதால் அடுத்த மாரி மழை குறையப்போவதில்லை. லைக்கனோடு ஒப்பிட்டால் இதுதான் முக்கிய வேறுபாடு. மழை நல்ல வருடம் மட்டம் மேலே, வரட்சி வருடம் கீழே, ஆனால் குதிரைகள் அந்த மட்டத்தைத் தாங்களே நிரந்தரமாகச் சிதைப்பதில்லை. அதனால் செத்து விழுந்தாலும் கூட்டம் மறுபடி தேறிவிடுகிறது. அதே சமயம் கடைசியில் மிஞ்சிய ஒரு கேணித் தண்ணீரை 50 குதிரை குடிப்பதும் 300 குதிரை குடிப்பதும் ஒன்றில்லை. அங்கே அடர்த்தி வந்துவிடுகிறது. எந்தக் குதிரைகள் முதலில் போகும் என்று கவனித்திருக்கிறீர்களா? குட்டிகளா?

நெடுந்தீவான்
குட்டிகளும், பால் கொடுக்கிற தாய்க் குதிரைகளும் மெலிந்து தெரியும். எண்ணிக் கணக்கு வைத்ததில்லை. அங்கே ஆடுமாடும் அதே தண்ணிக்குத்தான் வரும் அக்கா, வீட்டுக்காரர் முதலில் தங்கட மாட்டுக்குத்தானே பார்ப்பினம்.

செங்கதிர்
நடுவே ஒன்று. அந்த 42 மான் ஏன் மறுபடி பெருகவில்லை? 29-இலிருந்து 6,000 வந்ததே.

தொண்டிக்காரன்
42-இல் 41 பெண், 1 ஆண். அந்த ஆணுக்கும் கொம்பு ஒழுங்காக இல்லை, இனப்பெருக்கம் செய்யக்கூடியது போலத் தெரியவில்லை என்று க்ளைன் எழுதியிருக்கிறார். 1966-இல் ஒரு குட்டிகூடக் கண்ணில் படவில்லை. 1980-களுக்குள் தீவில் பனிமானே இல்லாமல் போய்விட்டது.

வரையாடு
ஆண்கள் அப்படித் துடைத்தெடுக்கப்பட்டதற்கும் காரணம் இருக்கிறது. இணைசேரும் பருவத்தில் ஆண் மான்கள் சரியாகத் தின்னாமல் சண்டையிலேயே கொழுப்பைக் கரைத்துவிட்டுக் குளிர்காலத்துக்குள் காலியாக நுழையும். ஹிர்டா ஆடுகளிலும் இதேதான், அழிவு வருடங்களில் கிடாக்கள் பெண்களைவிட அதிகம் சாகின்றன.

லைக்கனும் திரும்பவில்லை. 1985-இலும் 2005-இலும் போய்ப் பக்கத்து ஹால் தீவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மான் ஏறாத ஹால் தீவில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் நாற்பது வருடம் கழித்தும் செயின்ட் மேத்யூவில் இருந்தது. வெப்பநிலை கூடுவதும் மீட்சியை இழுத்தடிக்கிறது என்கிறார்கள்.

உலகநேசன்
இதிலிருந்து மனிதகுலத்துக்குப் பாடம் இருக்கிறது. மால்தஸ் 1798-லேயே சொன்னார். எலிகளை வைத்து கல்ஹூன் செய்த சோதனை வாட்ஸ்அப்பில் வந்தது, சாப்பாடு தாராளமாக இருந்தும் எலிச் சமூகமே சீரழிந்து அழிந்ததாம். நம் நகரங்களும் அப்படித்தான் ஆகப்போகின்றன.

கணக்குப்பிள்ளை
மனிதனுக்கு எஸ் கோடு போட்டவர்களும் உண்டு ஐயா. 1920-இல் ரேமண்ட் பெர்லும் ரீடும் அமெரிக்க மக்கள்தொகை சுமார் 19.7 கோடியில் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார்கள். 1960-களிலேயே அதைத் தாண்டிவிட்டது.

வரையாடு
கல்ஹூன் சோதனையில் இருந்தவை சுண்டெலிகள், 1968-இல் தொடங்கியது. 4 ஜோடியிலிருந்து 2,200 வரை போனது. அந்தப் பெட்டியிலிருந்து வெளியேற வழியே கிடையாது. வயலில் சுண்டெலிக்குக் கூட்டம் பிடிக்கவில்லையென்றால் கிளம்பிப் போய்விடும், போகிற வழியில் பாதியை ஆந்தையும் பாம்பும் பிடிக்கும். அந்த வழியை அடைத்துவிட்டுப் பார்த்ததை நகரத்தோடு ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நெறியாளர்
மக்கள்தொகை அரசியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இந்த இழை விலங்குகளுக்கு மட்டும். அடுத்தடுத்த மூன்று பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

பல்லடத்தான்
தீவு, பனிமான் எல்லாம் இருக்கட்டும். எங்கள் பக்கம் மயில் பெருகிவிட்டது, அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். தக்காளி, நிலக்கடலை, மக்காச்சோளம் எதையும் விடுவதில்லை. நாற்று விட்டால் கொத்திவிடுகிறது. நரி இல்லாமல் போனதால் மயில் பெருகியது என்று ஊரில் சொல்கிறார்கள். கையும் வைக்க முடியாது, சட்டம். நீங்கள் சொல்கிற விதிப்படி இவை எப்போது தீனி தீர்ந்து விழும்?

குறும்பன்77
பார்த்தீர்களா, நரி!

வரையாடு
ஐயா, நேரடியாகச் சொல்கிறேன், அந்த விதிப்படி விழாது. காஸின் கண்ணாடிக் குழாயை நினைத்துப் பாருங்கள், வெளியிலிருந்து உணவு வந்து விழுந்துகொண்டே இருந்தது. இந்தப் பட்டத்தில் மயில் எவ்வளவு தின்றாலும் அடுத்த பட்டத்துக்கு நீங்கள் மறுபடி விதைப்பீர்கள், தண்ணீர் பாய்ச்சுவீர்கள். செயின்ட் மேத்யூ மான் தின்றது தன் அடுத்த வருட உணவையும் சேர்த்து. உங்கள் மயில் தின்பது உங்கள் லாபத்தை மட்டும். வரட்சிக் கோடையிலும் சொட்டுநீர்க் குழாய்க்கடியில் ஈரம் இருக்கிறது. ஆகவே தீனியும் தண்ணீரும் அதைப் பிடித்து நிறுத்தாது. வேறு ஏதாவதுதான் நிறுத்த வேண்டும்.

அந்த வேறு ஏதாவதில் நரி ஒன்று. மயில் தரையில் முட்டையிடும். நரி, கீரி, நாய் எல்லாம் முட்டையையும் குஞ்சையும் எடுக்கும். நரி குறைந்தது உண்மையென்றால் அதற்கு ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் அந்த இடத்தைத் தெருநாய்கள் எவ்வளவு நிரப்பியிருக்கின்றன என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். முட்டையிட மறைவான புதர், இரவில் அடையப் பெரிய மரம், இந்த இரண்டும் அடுத்த வரம்பு. தரிசில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் மறைவுக்குப் பஞ்சமில்லை.

பல்லடத்தான்
நரி வந்தால் ஆட்டுக்குட்டியையும் அல்லவா தூக்கும். அது வேண்டாம். எங்கள் தோட்டத்துக்குத் தெற்கே இருக்கிற தரிசு முழுக்கக் கருவேலம்தான், வேறொருவர் நிலம், அவர் வெளியூரில் இருக்கிறார். பத்து வருடத்துக்கு முன்னால் இத்தனை மயில் கிடையாது.

பருவக்காற்று
பெருகியதா, வேறு பக்கத்திலிருந்து வந்து கூடியதா? மலையோரத்தில் வரண்டால் தோட்டப் பக்கம் இறங்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வரையாடு
பருவக்காற்று கேட்டதுதான் முதலில் தெரிய வேண்டியது. ஐயா, ஒரு வேலை செய்ய முடியுமா? தரிசு ஓரத்தில் பெட்டை மயில்கள் குஞ்சுகளோடு வெளியே வரும்போது, பெட்டைக்கு எத்தனை குஞ்சு என்று குறித்துவையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே பெட்டைகளோடு எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று பாருங்கள். பெட்டைக்கு இரண்டு மூன்று என்று மிஞ்சினால் அங்கேயே பெருகுகிறது, புதரைக் கவனிக்கலாம். குஞ்சே தேறாமல் மயில் மட்டும் கூடிக்கொண்டே போனால் வெளியிலிருந்து வருகிறது, தரிசை வெட்டிப் பயனில்லை. முட்டையை யாரும் தொட வேண்டாம், அதுவும் சட்டப்படி குற்றம்.

பல்லடத்தான்
சரிங்க. குஞ்சோடு நாலைந்து பெட்டை இப்போதே சுற்றுகிறது, பையனை எண்ணச் சொல்கிறேன். எனக்கு இந்த வாரம் சோளம் அறுப்பு.